இஸ்ஹாக் என்பது யாருடைய பெயர்?



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து, மக்தப் பிள்ளைகளுக்காகப் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். தூணோரம் ஓர் இளைஞர் காத்து நின்றார். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர்தாம். சிறுவயதில் என்னிடம் அலிஃப், பா ஓதியவர். இப்போது சென்னையில் கணினித் துறையில் வேலை பார்க்கிறார். ஆண் குழந்தை பிறந்து மூன்று நாளாகியிருந்தது. வாழ்த்துச் சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டிலும் கலக்கமே மிகுந்திருந்தது.

"ஹஜ்ரத், நன்னா பெயரைத்தான் வைக்கணும்னு நன்னிமா சொல்றாங்க. அத்தாவுக்கும் அதே ஆசை. எனக்குத்தான் மனசு ஒப்பல" என்றார். பின்னர் கைப்பேசியைத் திறந்து ஒரு பெயர்ப் பட்டியலைக் காட்டினார். இஸ்ஹாக் என்ற பெயருக்கு நேரே, தோற்றம்: ஹீப்ரு என்று எழுதியிருந்தது. "யூதர்கள் பெயர் ஹஜ்ரத். காஸாவுல பச்சைப் பிள்ளைகள் சாகுறதைத் தினமும் பார்த்துக்கிட்டு, என் பிள்ளைக்கு நான் எப்படி இந்தப் பெயரை வைப்பேன்?"

அவருடைய நன்னாவை எனக்கு நன்றாகத் தெரியும். கடைத்தெருவில் ஒரு சிறிய வெற்றிலைக் கடை வைத்திருந்தார். மின்சார மோட்டார் வராத காலத்தில், ஃபஜ்ருக்கு முன்பே வந்து பள்ளிவாசல் கிணற்றிலிருந்து ஹவுளுக்குத் தண்ணீர் இறைத்து நிரப்பியவர். கூலி வாங்கியதில்லை. அந்த மனிதரின் பெயரைச் சொல்லப் பேரன் கூசுகிறார் என்பது என்னை வருத்தியது. ஆனால் அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அநீதியைக் கண்டு வெகுண்ட உள்ளத்திலிருந்து வந்த கேள்வி அது. வெகுளி சரியானது, அது போய் விழுந்த இடம்தான் தவறு.

அன்று மக்தபுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டதால் அவருக்குச் சுருக்கமாகவே விடை சொன்னேன். இதே கேள்வியை வேறு வடிவங்களில் வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே விரிவாக எழுதத் துணிந்தேன்.

முதலில் ஓர் உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். இஸ்ஹாக் அரபுச் சொல் அன்று, எபிரேயப் பெயர்தான். ஹீப்ரு என்று இன்று நாம் சொல்லும் அதே மொழி. அது மட்டுமா? இஸ்மாயீல், யஃகூப், மூஸா, தாவூத், சுலைமான், ஸகரிய்யா, யஹ்யா, மர்யம் எல்லாமே அரபுக்கு வெளியிலிருந்து வந்த பெயர்களே. இது இணையம் வந்தபின் எவரோ கண்டுபிடித்த இரகசியமன்று. மத்ரஸாவில் நஹ்வு இலக்கணம் ஓதும் மாணவன் முதல் ஆண்டுகளிலேயே இதைப் படிக்கிறான். தன்வீனும் கஸ்ரும் ஏற்காத பெயர்ச்சொற்கள் எவை என்ற பாடத்தில், அயல்மொழிப் பெயர் என்பதற்கு ஆசிரியர் கொடுக்கும் எடுத்துக்காட்டே இப்ராஹீம்தான். நபிமார்களின் பெயர்களில் முஹம்மத், ஸாலிஹ், ஷுஐப், ஹூத், நூஹ், லூத் ஆகிய ஆறு மட்டுமே தன்வீனை ஏற்கும் என்று நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த ஆறிலும் நூஹும் லூத்தும் அயற்பெயர்கள்தாம். மூன்றெழுத்தாய், நடுவெழுத்து ஸுகூனாய் இருப்பதால் சலுகை பெற்றவை. ஆக, நம் இமாம்கள் இந்தப் பெயர்களின் தோற்றத்தை அறிந்தே இருந்தார்கள். அறிந்தே தம் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். புகாரீ இமாமின் பெயர் முஹம்மத். தந்தை இஸ்மாயீல், பாட்டனார் இப்ராஹீம். அபூதாவூத் இமாமின் இயற்பெயர் சுலைமான். அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணவர் அபூயூசுஃப். அவர் இயற்பெயர் யஃகூப், தந்தை பெயர் இப்ராஹீம். இஸ்ஹாக் என்ற பெயரையே எடுத்துக்கொண்டால், நபியின் வரலாற்றை முதலில் விரிவாகத் தொகுத்தோரில் ஒருவர் இப்னு இஸ்ஹாக். புகாரீ இமாமின் ஆசிரியர்களில் ஒருவர் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி. சுவர்க்கத்துக்கு நற்செய்தி கூறப்பட்ட பதின்மருள் ஒருவரான ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களைத் தோழர்கள் அபூஇஸ்ஹாக் என்றே அழைத்தார்கள்.

இனி, யூதர்கள் பெயர் என்ற சொல்லுக்கு வருவோம். இந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. அல்லாஹ் தீர்த்துவைத்து விட்டான். இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக், யஃகூப் ஆகியோரும் அவர்களின் வழித்தோன்றல்களும் யூதர்களாகவோ கிறித்தவர்களாகவோ இருந்தார்கள் என்றா நீங்கள் சொல்கிறீர்கள், நன்கறிந்தவர்கள் நீங்களா அல்லாஹ்வா என்று அல்பகரா அத்தியாயம் கேட்கிறது (2:140). மதீனாவில் இந்த வசனம் ஓதப்பட்டபோது, அந்த நபிமார்கள் எங்களுக்கு மட்டுமே உரியவர்கள் என்று பிறர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் இறைவன் மறுத்தான். இன்றோ, எவரும் கேட்காமலேயே, இந்தாருங்கள், இவர் உங்களவர்தாம் என்று இஸ்ஹாக் நபியை நாமே எடுத்துக் கொடுக்கிறோம்! நபிமார்களிடையே நாங்கள் வேற்றுமை பாராட்டமாட்டோம் என்று நாவால் ஓதிவிட்டு (2:136), பெயர் வைக்கும்போது வேற்றுமை பாராட்டுவது எந்த வகையில் சேரும்?

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் பகை இருந்தது. மதீனாவின் யூதக் குலங்கள் சிலவற்றோடு மோதலும் போரும் நடந்தன. ஹிஜ்ரி 7இல் கைபர் போர். அதற்கு அடுத்த ஆண்டு தமக்குப் பிறந்த மகனுக்கு, என் தந்தை இப்ராஹீமின் பெயரை வைத்தேன் என்று அவர்கள் அறிவித்தார்கள். இப்ராஹீம் நபியை அரபுகளும் தம் மூதாதை என்று போற்றியவர்கள் ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். சரி, யூசுஃப் என்ற பெயரைப் பார்ப்போம். யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தை ஏற்ற அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்களுக்கு மகன் பிறந்தபோது, அக்குழந்தையை மடியில் இருத்தி, தலையைத் தடவி, யூசுஃப் என்று பெயரிட்டவர்கள் நபி (ஸல்) அவர்களே.

இந்த நிகழ்ச்சியில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் யூதராயிருந்த காலத்தில் அவர் பெயர் என்ன தெரியுமா? அல்ஹுஸைன். தூய அரபுப் பெயர்! அப்துல்லாஹ் என்று பின்னர் மாற்றியவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஆக, யூதராயிருந்தவர் அரபுப் பெயர் தாங்கியிருந்தார். அவருடைய முஸ்லிம் மகனுக்கு எபிரேய நபியின் பெயர் கிடைத்தது. மதீனாவின் யூதர்களுள் பலருக்கு அரபுப் பெயர்களே இருந்தன. நபியை இழித்துக் கவி பாடிய பகைவனின் பெயர் கஅப். நபியின் சார்பில் கவி பாடிய தோழர் ஒருவரின் பெயரும் கஅப். கஅப் இப்னு மாலிக் (ரலி). பெயரின் மொழியைக் கொண்டு மனிதர்களை இருபுறமாக நிறுத்தியிருந்தால் அந்த ஊரில் எவருக்கும் எதுவும் விளங்கியிராது.

நஜ்ரானிலிருந்த கிறித்தவர்கள் முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மர்யமை ஹாரூனின் சகோதரியே என்று உங்கள் வேதம் அழைக்கிறதே, மூஸாவின் காலத்து ஹாரூனுக்கும் ஈஸாவின் தாய்க்கும் இடையே எத்தனை நெடுங்காலம் என்றார்கள். அவர் மதீனா திரும்பி நபியவர்களிடம் கேட்டபோது கிடைத்த விளக்கம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது: அந்த மக்கள் தமக்கு முன்வாழ்ந்த நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்கு வைத்துவந்தார்கள். இவ்வழக்கம் நமக்குப் புதிதா? தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பனூ இஸ்ராயீல் மக்கள் செய்ததைத்தான் நம் வெற்றிலைக்கடை நன்னாவின் வீட்டிலும் செய்ய விரும்புகிறார்கள்.

இதற்கு மேலும் ஒரு பேறு இப்பெயர்களில் ஒளிந்திருக்கிறது. எபிரேயமும் அரபும் உடன்பிறந்த மொழிகள். எபிரேயத்தில் இப்பெயர்களுக்குள்ள பொருளை அறிந்துகொண்டு குர்ஆனைத் திறந்தால் வியப்பு மேலிடும். இஸ்ஹாக் என்பதன் எபிரேய வடிவத்துக்கு, அவன் சிரிக்கிறான் என்பது பொருள். ஹூத் அத்தியாயத்தில், இப்ராஹீம் நபியின் துணைவியார் நின்றுகொண்டிருந்தார், சிரித்தார், அப்போது இஸ்ஹாக்கைக் கொண்டு நற்செய்தி கூறினோம் என்று வருகிறது (11:71). இஸ்மாயீல் என்றால் இறைவன் செவியேற்கிறான் என்று பொருள். முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்த இறைவனைப் புகழும் இப்ராஹீம் நபி, என் இறைவன் பிரார்த்தனையைச் செவியேற்பவன் என்று முடிக்கிறார்கள் (14:39). ஸகரிய்யா என்பதற்கு இறைவன் நினைவுகூர்ந்தான் என்பது பொருள். மர்யம் அத்தியாயத்தில் அவர்களின் வரலாறு, உம் இறைவனின் அருளை நினைவுகூர்தல் என்ற கருத்தோடு தொடங்குகிறது (19:2). யஹ்யா நபியை எபிரேயத்தில் யோஹனான் என்பார்கள். இறைவன் கனிவு காட்டினான் என்பது அதன் பொருள். அவருக்கு நம்மிடமிருந்து ஹனான், அதாவது கனிவைத் தந்தோம் என்று அதே அத்தியாயம் கூறுகிறது (19:13). நான் முஃபஸ்ஸிர் அல்லன். இவற்றைக் கொண்டு புதிய விளக்கம் எதையும் நிறுவ முற்படவில்லை. ஆனால் ஹூத் அத்தியாயத்தின் அந்த வசனத்தை ஓதும்போதெல்லாம் நின்று ஒருகணம் நினைத்துப் பார்க்கிறேன். மலடி என்று மனம் நொந்திருந்த முதிய பெண்மணி சிரித்த சிரிப்பு அந்தப் பிள்ளையின் பெயரிலேயே தங்கிவிட்டது. அந்தப் பெயரையா நாம் போர்விமானங்களோடு சேர்த்துப் பார்ப்பது?

நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னதும், அவர் ஏறக்குறைய அரை மாதத்தில் அதைக் கற்றுத் தேர்ந்ததும் திர்மிதீயில் பதிவாகியுள்ளன. மொழிகளின் வேறுபாடு இறைவனின் சான்றுகளில் ஒன்று (30:22). மொழிமீது குற்றமில்லை, இப்பகுதியை இத்தோடு விடுகிறேன்.

இதுவரை சொன்னவை பழைய பெயர்களைப் பற்றியவை. இப்போது வேறொரு திசையிலிருந்தும் கேள்வி வருகிறது. எலியானா, ஏரியல், ஈத்தன், நோவா, டேனியல் என்று புதிய ஒலியுள்ள பெயர்களைப் பெற்றோர் தேர்ந்துகொண்டு வந்து, கூடுமா ஹஜ்ரத் என்கிறார்கள். சிலர் இவற்றை அரபுப் பெயர்கள் என்று நம்பியே கொண்டுவருகிறார்கள். கைப்பேசிச் செயலிகளை அவ்வளவாக நம்பாதீர்கள். குர்ஆனில் வரும் சொல் என்று கேட்டதுமே, நீர் மென்மையாக நடந்துகொண்டீர் என்று ஆணை நோக்கிச் சொல்லும் வினைச்சொல்லைப் பெண்குழந்தைக்குப் பெயராக வைத்துவிட்ட குடும்பத்தை நான் அறிவேன். எபிரேயப் பெயர் வைப்பதைவிடப் பன்மடங்கு விந்தையானது அது.

இவற்றில் பொருளால் குறைபட்டது மிகக் குறைவு. எலியானா என்பதற்கு, என் இறைவன் விடையளித்தான் என்று பொருள் சொல்கிறார்கள். டேனியல் என்பது, இறைவனே என் நீதிபதி. நம் வழக்கில் தானியால். ஏரியல் என்பதற்குச் சொல்லப்படும் பொருள்களுள் ஒன்று இறைவனின் சிங்கம். ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரான அஸதுல்லாஹ்வும் அதுவேயன்றோ! இப்பெயர்களில் வரும் ஏல் என்ற ஒலி வேறு ஏதோ தெய்வத்தைக் குறிக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஜிப்ரீல், மீக்காயீல் என்ற பெயர்களில் வரும் ஈல் என்பது அல்லாஹ்வைக் குறிக்கும், முற்பகுதி அடிமை என்று பொருள்படும் என இக்ரிமா (ரஹ்) அவர்களின் கூற்றைப் புகாரீ இமாம் தம் நூலின் தஃப்ஸீர் பகுதியில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்த அச்சமும் தேவையற்றது.

ஆனால் கூடும் என்பதும் நன்று என்பதும் ஒன்றல்ல. ஏரியல் என்ற பெயரைக் கேட்டு வந்த பெற்றோரிடம், அஸதுல்லாஹ்வை மனத்தில் கொண்டா இதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார்ட்டூன் படத்தில் வரும் கடற்கன்னியின் பெயராம். நானும் சிரித்துவிட்டேன்.

வேறு சிலரின் காரணம் சிரிக்கத் தக்கதன்று. ஒரு தந்தை தயங்கித் தயங்கிச் சொன்னார்: பெயரைக் கேட்டதுமே வாடகைக்கு வீடு இல்லை என்கிறார்கள், பிள்ளைக்காவது எந்த மதம் என்று தெரியாத பெயராக இருக்கட்டும். அவரிடம் நான் சட்டம் பேசவில்லை. அவர் நான்கு வீட்டு வாசலிலிருந்து திரும்பியவர். நான் பள்ளிவாசல் கொடுத்த வீட்டில் குடியிருப்பவன். அந்த வலியை எனக்குச் சொல்லிக் காட்டத் தேவையில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் என் கருத்தைச் சொன்னேன்: உங்கள் பயத்தைப் பிள்ளையின் தலையில் பெயராக ஏற்றாதீர்கள். வளர்ந்தபின் அவன், ஏன் எனக்கு இந்தப் பெயர் என்று கேட்பான். அன்றைக்கு நீங்கள் என்ன விடை சொல்ல விரும்புகிறீர்களோ அதற்கேற்ற பெயரை இன்றைக்கு வையுங்கள். அவர் ஆதம் என்று வைத்தார். எல்லோருக்கும் புரிகிற பெயர், நமக்கும் முதல் நபியின் பெயர். அறிவாளி!

வெளிநாட்டில் வாழும் ஒரு சகோதரி, நோவா என்று பதிந்தால் பள்ளியில் எளிதாக அழைப்பார்கள் என்றார். நூஹ், நோவா இரண்டும் ஒரே பெயர்தான், மறுக்க இடமில்லை. நம் ஊர்களிலும் இப்படித்தானே? கிறித்தவ அண்டைவீட்டார் ஆபிரகாம் என்பதை நாம் இப்ராஹீம் என்கிறோம். அவர்களின் யாக்கோபு நமக்கு யஃகூப், தாவீது நமக்குத் தாவூத், மரியாள் நமக்கு மர்யம். இருந்தும் குர்ஆனின் ஒலிப்பையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு மார்க்கத் தீர்ப்பு எதையும் காரணமாகச் சொல்லமாட்டேன். மக்தபில் கண்ணால் கண்டதைச் சொல்வேன். மூஸா என்று பெயருள்ள ஒரு பொடியன் என் வகுப்பில் இருக்கிறான். குர்ஆனில் மிக அதிகமாக வரும் நபியின் பெயர் அது. நூற்றுமுப்பது தடவைக்கு மேல் வருகிறது. தராவீஹில் ஒவ்வொரு முறை அந்தப் பெயர் வரும்போதும் ஸஃப்பில் நிற்கும் அவன் தோள் நிமிர்கிறது. தொழுகை முடிந்ததும், இன்றைக்கு இத்தனை தடவை வந்தது ஹஜ்ரத் என்று கணக்குச் சொல்கிறான். தொழுகையில் எண்ணிக்கொண்டா நின்றாய் என்று கண்டிக்க வேண்டியது என் கடமை. கண்டித்ததாக நினைவில்லை.

ஒரு பெயரில் மட்டும் என் வாதம் எனக்கே இடறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். யஃகூப் நபிக்குக் குர்ஆன் இஸ்ராயீல் என்ற பெயரையும் தருகிறது (3:93, 19:58). நெல்லைச் சீமையில் இஸ்ரவேல் என்ற பெயருடைய கிறித்தவர்களைக் கண்டிருக்கிறேன். முஸ்லிம் ஒருவர் இப்பெயரை வைக்க வந்தால்? கூடாது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. அது ஒரு நபியின் பெயர். ஆனாலும் வேண்டாம் என்றே அறிவுரை சொல்வேன். 1948 முதல் அது ஒரு நாட்டின் பெயராகவும் இருக்கிறது. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுதும் கேட்பவருக்கெல்லாம் விளக்கம் சொல்ல நேரும். இஸ்ஹாக்குக்கு அந்த இடர் இல்லை. இந்த இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று முழுதும் பொருந்தவில்லை என்று வாசகர் குறை சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இவ்வளவு உறுதியாக இன்று எழுதும் நான், ஒரு காலத்தில் இப்படி எழுதியிருக்கமாட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, இஸ்லாத்தை ஏற்று மணமுடித்த ஒரு சகோதரி. அவர் இஸ்லாத்துக்கு வந்ததிலிருந்து தாய்வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பெண் குழந்தை பிறந்ததும் கணவர் மூலம் என்னிடம் கேட்டனுப்பினார்: ஹன்னா என்று வைக்கலாமா? அவருடைய தாயின் பெயர் அன்னாள். தமிழ் விவிலியத்தில் அன்னாள் என்பது அதே எபிரேயப் பெயர். தாயின் பெயரைப் பேத்திக்கு வைத்தால் அந்தத் தாய் ஒருமுறையாவது வந்து பார்ப்பார் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நான் அந்த எண்ணத்தைக் கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டேன். அது கிறித்தவப் பெயர், ஹானியா என்று வையுங்கள் என்று ஒரே வரியில் சொல்லியனுப்பினேன். அவர்களும் அப்படியே செய்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஆலஇம்ரான் அத்தியாயத்தின் விரிவுரையைப் பாடம் நடத்த வேண்டிவந்தது. இம்ரானின் மனைவி தம் வயிற்றிலுள்ள பிள்ளையை இறைவனுக்கு நேர்ந்துகொண்டதும், பெண்ணாகப் பிறந்தபோது நான் இவளுக்கு மர்யம் என்று பெயரிட்டேன் என்று சொன்னதும் (3:36) நாம் அறிந்தவை. அந்த அம்மையாரின் பெயர் குர்ஆனில் இல்லை. முஃபஸ்ஸிர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்: ஹன்னா. மர்யம் (அலை) அவர்களின் தாயார், ஈஸா நபியின் பாட்டியார். எத்தனையோ முறை கண்ணில் பட்ட வரிதான். அன்றைக்குத்தான் அது என்னைச் சுட்டது. அந்தப் பெயரைத்தான் முஸ்லிமுக்கு ஆகாது என்று நான் தள்ளினேன்! யஹ்யா நபிக்குத் தரப்பட்ட ஹனானும் ஹன்னாவும் ஒரே வேர். மேலும் பிள்ளைக்குப் பெயரிடுவதில் தாய்க்குள்ள இடத்தைக் குர்ஆன் காட்டும் அதே வசனத்தின் அருகிலேயே அந்தப் பெயர் இருந்தது. ஒரு தாய் தன் மகளுக்கு வைக்க விரும்பிய பெயரை நான் மாற்றினேன்.

அந்தச் சகோதரியின் கணவரைத் தேடிச் சென்று தவற்றை ஒப்புக்கொண்டேன். பரவாயில்லை ஹஜ்ரத், வீட்டில் அவள் ஹன்னா என்றுதான் கூப்பிடுகிறாள் என்றார். ஆனால் அந்தப் பாட்டி பேத்தியைப் பார்க்காமலேயே இறந்துபோயிருந்தார். பெயர் வைத்திருந்தால் வந்திருப்பார் என்று எவராலும் உறுதிகூற முடியாது. வந்திருக்கமாட்டார் என்றும் கூற முடியாது.

அன்றிலிருந்து யாரேனும் பெயர் கேட்டு வந்தால், ஏன் இந்தப் பெயர் என்பதை முதலில் கேட்டுக்கொள்கிறேன். பெயர்களை மாற்றும் வழக்கம் நபிவழியில் உண்டுதான். ஆஸியா, அதாவது மாறுசெய்பவள் என்று பொருள்படும் பெயரை ஜமீலா என மாற்றினார்கள். ஹஸ்ன், கரடுமுரடு என்ற பெயருடையவரை ஸஹ்ல் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். மாற்றியவை இப்படிப் பொருளால் தீயவை, இணைவைப்பு கலந்தவை, தற்பெருமை தொனித்தவை. பிற மொழி என்பதற்காக மாற்றியதாக எனக்கு எங்கும் காணக்கிடைக்கவில்லை. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர்ரஹ்மானும் என்பது ஸஹீஹான நபிமொழி. வேறெதுவும் தோன்றாதவர்கள் அவற்றிலேயே நின்றுகொள்ளலாம்.

அவசரமும் வேண்டாம். ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, அகீகா கொடுத்து, பெயரிடுவது சுன்னத். பிறந்த அன்றே வைப்பதற்கும் நபிவழியில் சான்று உண்டு. அரசுப் பதிவைப் பொறுத்தவரை பிறப்பை மட்டும் உரிய நாளில் பதிந்துவிட்டால் போதும். பெயரைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் பதினைந்து ஆண்டுவரை இடமுண்டு. ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவுசெய்து, எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் எழுதுங்கள். இஸ்ஹாக் என்ற பெயரை ஐந்து விதமாக எழுதிய ஐந்து ஆவணங்களோடு ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்க வந்த பெரியவரை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இளைஞரிடம் அன்று மாலை நான் சொன்னது ஸஃபிய்யா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை மட்டும்தான். யூதரின் மகள் என்று குத்திக்காட்டப்பட்டு அழுதுகொண்டிருந்த தம் துணைவியாரிடம் நபி (ஸல்) அவர்கள், நீ ஒரு நபியின் வழிவந்த மகள், உன் சிறிய தந்தை ஒரு நபி, நீ ஒரு நபியின் மனைவி, பின் எதைக் கொண்டு அவர்கள் உன்னிடம் பெருமை பேசுகிறார்கள் என்று கேட்டார்கள். மூஸாவையும் ஹாரூனையும் அவர் தலைகுனிய வேண்டிய பரம்பரையாக நபியவர்கள் பார்க்கவில்லை. இளைஞர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின் நன்னாவின் ஹவுளைக் காட்டி, இது எப்போது குழாய்த் தண்ணீருக்கு மாறியது ஹஜ்ரத் என்று கேட்டார். ஆண்டைச் சொன்னேன். போய்விட்டார்.

ஏழாம் நாள் அகீகாவுக்கு அழைத்திருந்தார்கள். குழந்தைக்கு முஹம்மது இஸ்ஹாக் என்று பெயர் சொல்லப்பட்டது. நன்னிமா மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லையாம். ஐம்பது ஆண்டாகக் கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழகாதவர். சின்னவரே என்றுதான் குழந்தையை அழைக்கிறார்.